அண்ணன் காவல் காத்த அரபியின் கல்லறை

என் அண்ணன் சர்வலியை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகிறது. கோஸ்த் நகருக்கு வெளியே எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகப் பார்த்துவந்த சிறிய தர்காவில் அவர்தான் கடைசியாக இருந்தவர். பெரிய வேலை ஒன்றுமில்லை. கூட்டுவது, கொடி கட்டுவது, வலிப்பு வந்தவர்களுக்குக் கல்லறை மேலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துக் கொடுப்பது.

ரஷ்யர்களோடு சண்டை நடந்தபோது எங்களுக்கு உதவ உலகமே வந்தது. அமெரிக்கா துப்பாக்கி அனுப்பியது. வளைகுடாவிலிருந்து பணமும், எங்களுக்கு மார்க்கம் தெரியாது என்று கண்டுபிடித்த இளைஞர்களும் வந்தார்கள். அவர்களில் வலது கையில் இரண்டு விரல் இல்லாத ஓர் அரபி, தர்காவின் கொடிகளைப் பார்த்து அல்லாவுக்கே இணைவைப்பு என்று கத்தினான். ஒரு கொடிக்கம்பைப் பிடுங்கி, பெண்கள் பார்க்க அப்பாவை அதாலேயே அடித்தான். அப்பா அதன்பிறகு கடைத்தெருப் பக்கம் போகவே இல்லை.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் வழக்கப்படி பழிவாங்க வேண்டியவர் மூத்த மகன்.

"அவன மண்ணுக்குள்ள வைக்காம விடமாட்டேன்ப்பா" என்றார். ஆனால் அரபி, எங்கள் பகுதித் தளபதியின் விருந்தாளி. நெருங்க முடியவில்லை.

ரஷ்யர்கள் போனார்கள். விருந்தாளிகள் போகவில்லை. பிறகு ஒரு ரமலானில், துப்பாக்கி அனுப்பிய அதே அமெரிக்கா அவர்கள் தங்கியிருந்த வீட்டின்மேல் குண்டு போட்டது. ஊர் பேர் தெரியாத உடல்களைத் தர்காவின் பக்கத்து நிலத்தில் புதைக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் அண்ணனைக் கேட்டார்கள். ஒன்பதாவது உடலின் வலது கையில் இரண்டு விரல் இல்லை. சொன்னபடியே அண்ணன் அவனை மண்ணுக்குள் வைத்தார். மண்வெட்டி மட்டும்தான் அவருடையது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பெண்கள் வந்துவிட்டார்கள். புதைந்திருப்பவர்கள் அந்நியர்கள், நோன்பில் இறந்த தியாகிகள், மண்ணில் ரோஜா மணக்கிறதாம். ஒருத்தி அரபியின் குழியைக் காட்டிக் கேட்டாள்.

"அண்ணே, இந்தத் தியாகி எந்த நோய்க்கு நல்லவரு?"

"திமிருக்கு."

"விளையாடாதீங்கண்ணே. பிள்ளைக்கு வலிப்பு, கேப்பாரா?"

"நீயே சொல்லிப் பாரு. உயிரோட இருந்தப்ப அவரு யாரு பேச்சையும் கேட்டதில்ல."

ஒரே வருடத்தில், கொடி பிடுங்கியவன் தலைமாட்டில் நாற்பது கொடி பறந்தது. எங்கள் பழைய மகானை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணன் தினமும் காலையில் அரபிக்குத் தண்ணீர் தெளித்தார்.

"அப்பாவ அடிச்சவனுக்கா?" என்று கேட்டேன்.

"திட்டிக்கிட்டேதான்டா தெளிக்கிறேன். நீ காலேஜ் வாத்தியாரு, உனக்கு எங்க கேக்கப்போவுது?"

இருபது வருடம் கழித்து அமெரிக்கர்களும் போனார்கள். புதிய ஆட்சியின் அதிகாரி ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். முப்பது வயதுகூட இருக்காது. அரபியின் கல்லறைமுன் கைகளை ஏந்தி உருக்கமாகத் துஆ ஓதினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதை இடிக்கச் சொன்னார்.

"பெரியவரே, தியாகிய மதிக்கிறதாலதான் இடிக்கிறோம். இருந்திருந்தா அவரே இதத்தான் சொல்லியிருப்பாரு."

"சொன்னாரே. எங்கப்பா முதுகுலயே சொன்னாரே."

அதிகாரிக்குப் புரியவில்லை. ஒரு கடப்பாரையை அண்ணன் கையில் கொடுத்து, "நீங்களே ஆரம்பிங்க" என்றார்.

முப்பத்தைந்து வருடம் காத்திருந்த மனிதருக்கு அரசாங்கமே கடப்பாரை தருகிறது. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஓங்கப்போகிறார் என்று நினைத்தேன். அண்ணன் கடப்பாரையை வீசிவிட்டு அரபியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

கூட வந்தவர்கள் அவரை அடித்து இழுத்துப் போட்டார்கள். மூன்று விலா எலும்பு முறிந்தது. நிலம் முழுவதையும் மட்டமாக்கிவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன், "ஏண்ணே இப்படிப் பண்ணுனீங்க?"

"பழி நம்மளுது தம்பி" என்றார். மூச்சு வாங்கியது. "நடுவுல இவன் யாருடா தீர்த்துவைக்க?"

அடுத்த வாரம் நுரையீரலில் சீழ் வைத்து இறந்துபோனார். பழி இப்போது என்னுடையது.

மூன்றாம் நாள் அதே அதிகாரி துக்கம் கேட்க வந்தார். பாத்திஹா ஓதினார். பிறகு அந்த அரபியின் இடம் எது என்று தணிந்த குரலில் விசாரித்தார். மேலிடத்தில் பேர் பொறித்த கல் வைக்கச் சொல்கிறார்களாம்.

அண்ணன் தோண்டிய ஒன்பதாவது குழி எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மல்பெரி மரத்திலிருந்து பதினோரு எட்டு.

"தெரியாதுங்க" என்றேன். வீட்டுக்கு வந்தவர் என்பதால், இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.