திரும்பிப் பார்க்க ஒரு சைக்கிள்

போன மாதம் ஒரு ஞாயிறு. பழையகாயல் டீக்கடையில் ‘ரெண்டு டீ’ என்று சொல்லிவிட்டுத் திரும்பினால்... என் மனைவியைக் காணோம்!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மகள் வேலை கிடைத்து பெங்களூரு போனபிறகு வீட்டில் நானும் ஜெயராணியும்தான். நான் துறைமுகத்தில் கப்பல் பேப்பர்களோடு மல்லுக்கட்டுவேன். அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு. வீட்டுக்கு வந்தால் ‘ரசம் ஊத்தவா?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் இந்த ஞாயிறு சைக்கிள். சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் உப்பளங்களைத் தாண்டிப் பழையகாயல் வரை போவோம். ஆளுக்கொரு சைக்கிள்; நான் முன்னால், அவள் பின்னால். வாரம் முழுக்கப் பேசாததை அந்த டீக்கடையில் பேசித் தீர்ப்போம். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் என் மற்ற ஆறு நாளும் ஓடுகிறது.

அப்புறம் எதற்குப் புது சைக்கிள் ஆசை? வயது ஐம்பத்தொன்று ஐயா! ஹெல்மெட் போட்ட ஒரு சைக்கிள் கூட்டம் ஒருநாள் விர்ரென்று என்னைத் தாண்டிப் போனது. அதில் ஒருவருக்கு என்னைவிட வயது கூட. பொறுக்குமா? உடம்பில் எட்டு கிலோ குறைக்க முடியாதவன், சைக்கிளில் இரண்டு கிலோ குறைக்கக் கிளம்பினேன்.

சைக்கிள் கடை அண்ணாச்சி தன்னுடைய ரேஸ் சைக்கிளையே தந்தார். “ஞாயித்துக்கெழம ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்.”

ஓட்டினேன். முதுகை வளைத்து, தலையைக் குனிந்து... பறந்தேன்! கழுத்து மட்டும் கட்டை மாதிரி இறுகிவிட்டது. இந்த வேகத்துக்கு அதுகூடப் பொறுக்கக் கூடாதா என்று மிதித்துக்கொண்டே இருந்தேன்.

டீக்கடைக்கு வந்து ஐந்து நிமிடம் ஆகியும் அவள் வரவில்லை. போன் போட்டேன். மணி அடித்தது – என் பாக்கெட்டிலேயே. கிளம்பும்போது அவள் போனையும் நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

அது லாரிகள் போகிற ரோடு. பயந்துவிட்டேன். நிஜமாகவே பயந்துவிட்டேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. இவ்வளவு நேரம் பறந்த சைக்கிள் இப்போது நகர மறுத்தது.

உப்பளத்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் கிரீஸ்.

“ஏளா, என்னளா ஆச்சு?”

“செயின் கழண்டுட்டு. நானே மாட்டிட்டேன்.”

“வண்டி பறந்துச்சு பாத்துக்க, அதான் கவனிக்கல...”

“வண்டியா பறந்துச்சு? வாடைக் காத்துல்லா தள்ளிட்டுப் போயிருக்கு!” தோணிக்காரர் மகள். காற்றில் அவளை ஏமாற்ற முடியாது.

சிரித்துவிட்டுச் சொன்னாள்: “நாலு தடவ கூப்பிட்டேன். நீங்க போன வேகத்துல கேக்கல, சரி. ஆனா எப்பவும் திரும்பிப் பாப்பீங்கள்லா?”

கழுத்து திரும்பவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். கிரீஸ் கையாலேயே என் பிடரியைப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். அண்ணாச்சி இன்னொன்றைக் காட்டினார். ரேஸ் வண்டியைவிட ஹேண்டில்பார் நாலு விரல் உயரம், டயர் கொஞ்சம் தடிமன். “ரேஸ் வண்டி வேகம் வராது சார். ஆனா ஓங்க பழசுக்கு இது ராக்கெட்டு. நூறு கிலோமீட்டர் போனாலும் முதுகு வலிக்காது.”

“இதுல ஒக்காந்து திரும்பிப் பாக்க முடியுமா அண்ணாச்சி?”

அவர் இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, “ஏறிப் பாருங்க” என்றார். ஏறினேன். திரும்பினேன். கடையின் பின்சுவர் காலண்டர் தெரிந்தது. வாங்கிவிட்டேன்.

நடுவயதில் நமக்கெல்லாம் ஒரு அவசரம். யாரை முந்த வேண்டும் என்று பார்க்கிறோம். யார் நம்மை நம்பிப் பின்னால் வருகிறார்கள் என்று பார்ப்பதில்லை... இல்லையா?

இந்த ஞாயிறும் புது சைக்கிளில் கிளம்பினோம். உப்பளம் வந்ததும் இடப்பக்கமாகத் திரும்பிப் பார்த்தேன். ரோடு காலி. சடாரென்று பிரேக் போட்டேன்.

“ஏங்க, இங்கன!”

குரல் முன்னாலிருந்து வந்தது. நான் இடப்பக்கம் திரும்பிய நேரத்தில் வலப்பக்கமாக என்னைத் தாண்டியிருக்கிறாள். அதுவும் என் பழைய சைக்கிளில்!

பரவாயில்லை. அவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போகிறாள்.