கீரனூர் என்று காட்டிய எண்

திண்டுக்கல் நாகல் நகரில் உள்ள எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. வெளியூர்களில் விவசாயிகள் காய்கனி வைக்கும் எங்கள் குளிர் அறைகளின் வெப்பநிலை அதில் வரிசையாகத் தெரியும். ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு சென்சார். அதன் வயர் வெளியே வந்து அந்த ஊர்க் கணினியில் செருகியிருக்கும். அந்தக் கணினிகள் இணையத்துக்குள் தங்களுக்கென ஒரு சுரங்கப்பாதை போட்டுக்கொண்டு எங்கள் சர்வரோடு பேசும். விபிஎன் என்பது அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

நான் சேர்ந்த புதிதில், இணைப்பு அறுந்து ஒட்டும்போதெல்லாம் கணினிகளுக்கு வேறு வேறு ஐபி எண், அதாவது வலை முகவரி, கிடைத்துக்கொண்டிருந்தது. இன்று கீரனூருக்குக் கிடைத்த எண் நாளை இன்னோர் ஊரிடம் இருக்கும். எந்த அறை எது என்று தினமும் தேட வேண்டியிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொரு கணினிக்குள்ளும் அதை அடையாளம் காட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ், அந்தச் சான்றிதழின் பெயரில் சர்வரில் ஒரு சிறு கோப்பு, கோப்புக்குள் அந்தக் கணினிக்கான நிலையான எண் என்று மாற்றினேன். திரையில் எண்ணுக்கு நேரே ஊர்ப்பெயரை எழுதினேன். அன்று முதல் எல்லோரும் எண்ணை மறந்துவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் நம்பத் தொடங்கினார்கள். நானும்தான்.

ஆயக்குடியில் புதுக் கிளை திறந்த நாள் அது. அதற்கான புதுக் கணினியில் ஆயக்குடிச் சான்றிதழைப் போட்டு முந்தைய நாளே வேனில் அனுப்பியிருந்தேன். காலையில் முதலாளி முதல் மேற்பார்வையாளர்கள் வரை எல்லோரும் பூஜைக்குப் போய்விட்டார்கள். அலுவலகத்தில் நானும் கணக்கு பார்க்கும் அண்ணனும் மட்டும் இருந்தோம்.

கீரனூர் விவசாயி ஒருவர் வந்தார். மருந்து வாங்கத் திண்டுக்கல் வந்தவர், அப்படியே எட்டிப்பார்த்தார். அவர் தோட்டத்துக் கொய்யாவெல்லாம் எங்கள் கீரனூர் அறையில் இருந்தது. சாயங்காலம் கேரளா வியாபாரியின் லாரி வரும். காய் கெட்டியாக இருந்தால்தான் ஏற்றுவேன் என்று வியாபாரி கறாராகச் சொல்லியிருந்தாராம். ஏற்றாவிட்டால் அந்தப் பறிப்பு மொத்தமும் போச்சு.

"வாங்கய்யா, உங்க கொய்யாவ இங்கனயே பாருங்க," என்று அண்ணன் திரையைக் காட்டினார். "கீரனூரு பத்து டிகிரி. நமக்குத்தேன் வேர்த்து ஊத்துது. அது குளுகுளுன்னு தூங்குது."

அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க, காத்தாலயிருந்து எங்கூர்ல கரண்டே இல்லீங்களே. ஷட்டவுனுங்க. அப்புறம் எப்படீங்க பத்துல நிக்குது?"

"ஜெனரேட்டர் எதுக்கு இருக்கு?" என்றார் அண்ணன்.

எங்கள் கம்பெனியில் யாரும் தானாக ஜெனரேட்டரைப் போடக்கூடாது. டீசல் வீணாகிறது என்று முதலாளி வைத்த சட்டம். திரையில் சூடு ஏறுவதைப் பார்த்து நாங்கள் போன் செய்தால்தான் அங்கே போடுவார்கள். அன்று நான் யாருக்கும் போன் செய்யவில்லை. மின்சாரமும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை, ஆனால் கீரனூர் பத்தில் அசையாமல் நிற்கிறது.

பயம் வந்தால் நான் மனதுக்குள் பட்டியல் போடுவேன். திரை உறைந்துவிட்டதா? இல்லை, கடிகாரம் ஓடுகிறது. சர்வர் பழைய அளவையே திருப்பிக் காட்டுகிறதா? இல்லை, சற்றுமுன் வந்த அளவுதான். சுரங்கப்பாதை அறுந்ததா? இல்லை, பிங் அனுப்பினால் அந்தக் கணினி பதில் தருகிறது. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. திரையில் கீரனூருக்குக் கீழே ஆயக்குடி பதினேழைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. காலி அறை, இன்னும் குளிர வைக்கவில்லை போலிருக்கிறது என்று அதை நான் பொருட்படுத்தவே இல்லை.

கீரனூர் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"ஜெனரேட்டர் போடலீங்க அம்மிணி. ஆபீசுல சொல்லாம போட்டா மொதலாளி வைவாருங்களே."

"கம்ப்யூட்டர் ஓடுதாண்ணே?"

"புதுப் பொட்டிங்களா? அது பேட்டரில ஓடுதுங்க."

"புதுசா? பழசு எங்க?"

"நேத்துப் பொழுதோட மொதலாளி ஆயக்குடிக்கு எடுத்துட்டுப் போயிட்டாருங்க. ராசியான பொட்டியாமா. புதுக் கடையில மொத பில்லு அதுலதான் போடோணும்னாரு. வேன்ல வந்த புதுசை இங்க எறக்கி வயரைச் சொருவிட்டாங்க."

சான்றிதழ் பெட்டிக்குள் இருந்ததால் எண் ஊரோடு இருக்கவில்லை, பெட்டியோடு ஆயக்குடிக்குப் போய்விட்டது.

"அண்ணே, இப்பவே ஜெனரேட்டரப் போடுங்க. மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் ஓடினார். போன் துண்டிக்கப்பட்டது. சந்தேகத்துக்கு இடம் வைக்க எனக்குத் துணிவில்லை. ஆயக்குடியில் பில் போடும் பெண்ணை அழைத்தேன். பின்னால் நாதஸ்வரம் ஸ்பீக்கரில் அலறியது.

"அந்தக் குளிர் ரூமுக்குள்ள போயி, சென்சார் முனைய உள்ளங்கையில பொத்திப் பிடி."

"இப்பத்தானுங்கக்கா சூடம் காட்டுறாங்க!"

"சூடத்த அவங்க பாத்துக்குவாங்க. நீ போ."

சற்று நேரத்தில் திரையில் கீரனூர் ஏறத் தொடங்கியது. பதினைந்து, இருபது, இருபத்தைந்து.

"ஏ ஆத்தா, கீரனூரு ஏன் இப்படிப் பறக்குது?" என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

நான் விவசாயியிடம் திரும்பினேன். "அய்யா, மேல கீரனூருன்னு இருக்கறது ஆயக்குடி. கீழ ஆயக்குடின்னு போட்டிருக்குல்ல, அதுதான் உங்க ரூம்."

கீழே பதினெட்டு என்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெட்டி விட்டுப் போயிருமுங்களே," என்றார், மெதுவாக.

மூவரும் அந்த ஓர் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். பதினெட்டிலேயே வெகுநேரம் நின்றது. ஜெனரேட்டர் பிடித்ததா இல்லையா என்று கேட்கக் கூப்பிட்டால் வாட்ச்மேன் போனை எடுக்கவில்லை. பிறகு பதினேழரை. பதினேழு. விவசாயி மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முதலாளியைப் போனில் பிடித்து, இரண்டு கணினிப் பெட்டிகளையும் மாற்றி வைக்கச் சொன்னேன். "மொத பில்லு போட்டாச்சும்மா. இனி அத நகத்தக் கூடாது. நம்பர நீ மாத்திக்க," என்று வைத்துவிட்டார்.

சர்வரில் இரண்டு கோப்புகளிலும் எண்ணை மாற்றுவது சின்ன வேலை. ஆனால் மாற்றம் பலிக்க இரண்டு இணைப்பையும் அறுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். குளிர்ந்துகொண்டிருக்கும் அறையைப் பார்க்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவரைக்கும் அண்ணன் இரண்டு காகிதத்தில் சரியான ஊர்ப்பெயர் எழுதித் திரையில் ஒட்டினார். "மிஷினுக்கே ராசி பாக்குற கம்பெனியில நீயும் நானும் எம்புட்டு நாளைக்குத்தேன் தாக்குப்பிடிப்பமோ," என்றார். அளவு பதினொன்றுக்கு வந்த பிறகுதான் இணைப்பை அறுத்தேன். இரண்டு வரிசையும் சில நொடிகள் வெறுமையாக இருந்தன. அளவுகள் திரும்ப வந்தபோது காகிதங்களைக் கிழித்துவிட்டு, கீரனூர் வாட்ச்மேனையும் சென்சாரைப் பொத்திப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் பழம் எப்படி இருக்கிறது என்று எந்தச் சென்சாரும் சொல்லாது. சாயங்காலம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டும் முன் விவசாயி கூப்பிட்டார்.

"கதவோரத்துக் கொய்யாப் பெட்டியெல்லாம் வியாபாரி கழிச்சுட்டானுங்க. மஞ்ச தட்டிருச்சாம். உள்ளுக்கு இருந்தத ஏத்திட்டான்."

"ரொம்பக் கழிச்சிட்டாரா அய்யா?"

"கழிச்சதக் கழிச்சுட்டான், விடுங்க." பிறகு, "ஏனுங்க, அடுத்த பறிப்பு வருது. அங்கயே வெக்கலாமுங்களா?"

வைக்கலாம் என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. எண்கள் சரியாக இருந்தன, சோதித்தும் பார்த்துவிட்டேன்.

"நாளைக்கு நானே கீரனூர் வாரேங்கய்யா. பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.