வாய் நிறையத் தண்ணீர்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் உட்கார்ந்து எழுதவும் திருத்தவும் ஒரு எடிட்டர் வேண்டுமல்லவா, அதைத்தான் அந்தக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. அந்த எடிட்டரில் பதினோரு வருஷமாக அவள் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு பெட்டி. கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் 'என்ன தேட வேண்டும்?' என்று வந்து நிற்குமே, அந்தப் பெட்டி.

"பதினோரு வருஷமா ஒரு பெட்டியா?" என்று யாராவது வாயைப் பிளந்தால், "நீங்க வீட்டுச் சாவிய எத்தனை வருஷமா தேடிட்டு இருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்பாள்.

வீட்டிலும் அவளுக்கு அதே உத்தியோகம்தான். அவள் கணவருக்கு எதையும் தேடுகிற வழக்கம் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "நகவெட்டி எங்க?" என்பார். "ரெண்டாவது டிராயர், இடது மூலை, பேட்டரிக்கு அடியில" என்று குளியலறைக்குள் இருந்து பதில் வரும். மகன் அப்பாவையும் மிஞ்சினான். காலில் போட்டிருக்கும் செருப்பையே எங்கே என்று கேட்பான்.

பழைய தேடல் பெட்டி ஒரு அடாவடி. திரையின் கீழ்ப்பாதியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். எந்த வரியைத் தேடுகிறோமோ அதையே மறைத்துக்கொண்டு, 'கிடைத்துவிட்டது' என்று பெருமை வேறு அடித்துக்கொள்ளும். அதை மாற்ற அவள் ஒரு வருஷம் மாடாய் உழைத்தாள். திரையின் வலது மேல் மூலையில், விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. வார்த்தைகள் கிடையாது. அடுத்ததற்கு ஒரு படம், இந்த ஒன்றை மட்டும் மாற்ற ஒற்றை அம்பு, எல்லாவற்றையும் மாற்ற இரட்டை அம்பு. எல்லாம் வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணை உறுத்தாமல். அந்தச் சாம்பலைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று. நம் வீட்டில் சிலர் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக்கூட அதைவிடச் சீக்கிரம் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் செய்து முடித்தால் மட்டும் போதாது. அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. புதிதாக எது செய்தாலும் வெளியாள் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, யார் உதவியும் இல்லாமல் அதை உபயோகித்துக் காட்ட வேண்டும். செய்தவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. ஆரம்பத்தில் இந்த விதியை ஒருத்தரும் மதிக்கவில்லை. வெளியாள் தடுமாறியதும், "கொஞ்சம் மேல பாருங்க, இடது பக்கம், ஆ, அதேதான்" என்று வழிகாட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பெற்ற பிள்ளை மேடையில் வசனத்தை மறந்தால் கீழே இருந்து அம்மா வாயசைப்பதில்லையா, அந்த மாதிரி. பார்த்துப் பார்த்து நொந்துபோன மேலாளர் ஒரு நாள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். செய்தவர் ஒரு வாய்த் தண்ணீரை வாயிலேயே வைத்திருக்க வேண்டும், சோதனை முடிகிற வரைக்கும். முழுங்கிவிட்டுப் பேசினால் அந்த வேலை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிப்போகும். அடுத்த வெளியீடு என்றால் நான்கு மாதம்.

பூதக்கண்ணாடியின் பட்டையை இரண்டு பேர் சுலபமாக உபயோகித்துக் காட்டிவிட்டார்கள். மூன்றாவது ஆள் வர வேண்டிய வியாழக்கிழமை காலை அவருக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை வெளியீடு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக ஆகிவிடுமோ என்று வீட்டுக்கு போன் செய்து புலம்பினாள்.

"இதுக்குப் போயா? எங்க அக்காவக் கூப்பிடு. ஆபீஸ் பக்கத்துலதானே" என்றார் கணவர், பக்கத்துக் கடையில் தீப்பெட்டி வாங்கச் சொல்கிற சுலபத்தில்.

அவர் அக்கா, அதாவது இவளுக்கு நாத்தனார், ஒரு பேருந்துக் கம்பெனியில் இருபத்தைந்து வருஷமாக நேர அட்டவணை புரோகிராம் எழுதுகிறவர். தனி ஆள். தனி வீடு. மூக்குக்கு மேல் கோபம். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். இந்த அம்மாள் சுற்றம் மொத்தத்தையும் குற்றம் பார்த்தே கட்டிக் காத்தவர். தம்பி வீட்டுக்கு வந்தால் கதவு கிறீச்சிடுவதில் ஆரம்பித்து, விருந்துக்கு வைத்த தட்டின் விளிம்பு வரைக்கும் ஒரு சுற்று வருவார். பூதக்கண்ணாடியும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பந்தாட்டம் குறைவில்லாமல் நடந்துவந்தது.

ஆனால் மூன்று மாதமாகப் பேச்சே இல்லை. காரணம் பேருந்து நிறுத்தம். பூதக்கண்ணாடி பத்தடி தள்ளி நின்று சிரித்துக் கையை ஆட்டினாள். நாத்தனார் நேருக்கு நேர் பார்த்துவிட்டு, ஒரு தலையசைப்புகூட இல்லாமல் பேருந்து ஏறிப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆளே இல்லாத மாதிரி பார்த்தது அவளுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. அதற்கு முன்னாலும் ஒன்று நடந்தது. மகனின் பள்ளிக்கூட போட்டோவைக் காட்டியபோது, பக்கத்தில் நின்ற எவனோ ஒரு பையன் மேல் விரலை வைத்து, "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். நக்கலுக்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஆனாலும் ஆபத்துக்குப் பாவம் இல்லை. கூப்பிட்டாள். "மூணு மணிக்கு வரேன்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

சோதனை அறை சின்னது. ஒரு மேசை, ஒரு திரை, ஒரு சக்கரம் சுற்றாத ஒரு நாற்காலி, பின்னால் பார்ப்பவர்களுக்கு இரண்டு ஸ்டூல். நாத்தனார் வந்து உட்கார்ந்தார். "நாற்காலி ஆடுது" என்றார் முதல் காரியமாக. பூதக்கண்ணாடி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேலாளர் டம்ளரை நீட்டினார். வாய் நிறையத் தண்ணீரை வாங்கிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் நாத்தனார் பேசி இவள் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

மேலாளர் விளக்கினார். "மேடம், இதுல 'கலர்'ங்கிற வார்த்தை நாற்பத்திரண்டு இடத்துல இருக்கு. மூணாவது இடத்துல மட்டும் 'நிறம்'னு மாத்தணும். பத்து நிமிஷம். நாங்க எதுவும் சொல்லமாட்டோம்."

"நீங்க சொல்லி நான் என்னத்தக் கேக்கப்போறேன்" என்று நாத்தனார் கன்ட்ரோல்-எஃப்பைத் தட்டினார்.

மேல் மூலையில் பட்டை அழகாக வந்து நின்றது. நாத்தனார் மறுபடியும் தட்டினார். பட்டை போயிற்று. மறுபடியும் தட்டினார், வந்தது. "எங்க வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பூதக்கண்ணாடிக்கு நாக்கு துடித்தது. அங்கேதானே இருக்கு, கண் முன்னாடி!

பழக்கம் கைகொடுத்தது. பெட்டி எங்கே இருந்தால் என்ன என்று நாத்தனார் வார்த்தையை அடித்தார். என்டரைத் தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார். மூன்றாவது இடம் வந்துவிட்டது. டேப் கீயை அழுத்திப் புது வார்த்தையையும் அடித்தாயிற்று. இனி அம்பை அழுத்த வேண்டியதுதான். மவுஸைப் பிடித்தார். சுட்டி திரை ஓரத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் குனிந்தார். மூக்கு திரையில் இடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், மறு பக்கம் சாய்த்தார். கண்ணில் நீர் கட்டியது. சட்டென்று நிமிர்ந்து, மேலாளரைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "படமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு."

மேலாளர் பூரித்துப்போனார். பூதக்கண்ணாடிக்கோ தூக்கிவாரிப் போட்டது. இந்த அம்மாளா? நல்லா இருக்கு என்றா? இவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அந்தப் போட்டோ. கண்ணுக்குத் தெரிகிற எதையும் இவர் பாராட்டியதே கிடையாது. அப்படியானால்...

நாத்தனார் குறை சொன்ன தட்டையும் கதவையும் அவள் ஞாபகத்தில் தேடிப் பார்த்தாள். கிறீச்சிடுவது காதில் விழுவது. தட்டின் விளிம்பு கையில் படுவது. இந்த நாற்காலியும் அப்படித்தான். கடைசி சில மாதமாக இவர் சொன்ன குறைகளில் கண்ணால் பார்த்துச் சொன்னது ஒன்றுகூட இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பத்தடி தூரத்தில் தான் கையை ஆட்டியதும் ஞாபகம் வந்தது.

இதற்குள் சுட்டி ஊர்ந்து ஊர்ந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. குருட்டாம்போக்கில் நின்ற இடம் மிகச் சரியான இடம், ஒற்றை அம்பு. ஒரு தட்டு தட்டினால் போதும், திங்கட்கிழமை பட்டை வெளியே போய்விடும். நாத்தனாருக்கு அது தெரியவில்லை. விரல் மவுஸின் மேல் அழுத்தாமல் நின்றது. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

பூதக்கண்ணாடி தண்ணீரை முழுங்கினாள்.

"சார், கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

மேலாளர் திகைத்தார். "தண்ணி?"

"முழுங்கிட்டேன்."

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கேம்மா! கிட்டத்தட்ட ஜெயிச்சிட்டீங்களே!"

"பரவால்ல சார். வெளிய இருங்க."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் ஸ்டூலை நாத்தனார் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, எத்தனை நாளா கண்ணு தெரியல?"

"யாரு சொன்னா? எனக்கு நல்லாத்தான்..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது. மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "எட்டு மாசமா" என்றார். "புகை மூட்டம் போட்ட மாதிரி. ஆபீஸ்ல எழுத்தப் பெரிசாக்கி வெச்சு ஓட்டிட்டு இருக்கேன். பாதி புரோகிராம் மனப்பாடம், அதனால தப்பிச்சேன். சின்னச் சின்னப் பசங்க சுத்தி உக்காந்திருக்காங்கம்மா. தெரிஞ்சா அவ்வளவுதான். இவங்களுக்கு வயசாயிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"எங்ககிட்ட சொல்லக் கூடாதா?"

"உன்கிட்டயா? நீ சும்மாவே நாலு வார்த்தை பேசுவ."

அதுவும் நியாயம்தான். பூதக்கண்ணாடி மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு பஸ் ஸ்டாப்ல..."

"எந்த பஸ் ஸ்டாப்?" நாத்தனார் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ அங்க நின்னியா?"

மூன்று மாதக் கோபம் போன இடம் தெரியவில்லை. இப்போது அவளுக்குக் கோபம் தன் மேலேயே வந்தது. உலகத்தில் யார் எதைத் தொலைத்தாலும் தேடிக் கொடுக்கிறவள், கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக் குற்றம் மட்டும் பொறுக்கினாளே தவிர, இவ்வளவு பெரிய விஷயத்தைப் பார்க்கவில்லை. அந்த வெளிர் சாம்பல் நிறத்தை இப்போது பார்த்தால் அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

விதி விதிதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பட்டை நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. அன்று சாயங்காலமே அவள் நாத்தனாரைக் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண்புரை. இரண்டு கண்ணிலும். "இத வெச்சுக்கிட்டா இத்தனை நாள் வேலை பாத்தீங்க?" என்று மருத்துவர் திட்டினார். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து இன்னொரு கண். கட்டுப் போட்டிருந்த நாட்களில் நாத்தனார் இவர்கள் வீட்டில்தான் இருந்தார். கதவுக்கு எண்ணெய் விட்டது போதவில்லை என்று தினமும் சொன்னார். பேருந்துக் கம்பெனியில் விஷயம் தெரிந்தும் யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அட்டவணையில் எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் எப்போது வருவார் என்று போன் மேல் போன் போட்டார்கள்.

அந்த நான்கு மாதத்தில் பூதக்கண்ணாடி பட்டையைப் பிரித்து மறுபடி கட்டினாள். படங்களைத் தூக்கிவிட்டு 'அடுத்தது', 'இதை மாற்று' என்று அடர்ந்த கறுப்பில் எழுதினாள். எழுத்தைப் பெரிசாக்கினால் பட்டையும் கூடவே பெரிசாகும். 'எல்லாவற்றையும் மாற்று' தனியாகத் தள்ளி, கடைசியில். அதை அழுத்தினால் '42 இடங்களில் மாற்றவா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளும். விரல் அகலம் இரண்டு விரல் அகலமாயிற்று. அவள் கவலைப்படவில்லை.

மறுபடியும் அதே அறை, அதே ஆடுகிற நாற்காலி. மூன்றாவது ஆளாக அவரேதான் வர வேண்டும் என்று பூதக்கண்ணாடி ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். மேலாளர் டம்ளரை நீட்டினார், அவள் வாய் நிறைய வாங்கிக்கொண்டாள். நாத்தனார் கன்ட்ரோல்-எஃப்பைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. இதை மாற்று. ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"எப்படி மேடம் இருக்கு?" என்றார் மேலாளர் ஆவலாக.

"என்னத்த எப்படி இருக்கு? இந்தக் கோடு அந்தக் கோட்டவிட ஒரு நூல் கீழ இறங்கியிருக்கு. இது என்ன கறுப்பு, இழவு வீட்டுக் கறுப்பு? எத்தனாவது இடம்னு காட்டுற நம்பர வலது பக்கம் போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று அடுக்கிவிட்டு நாற்காலியைத் திருப்பினார். கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தவளை உச்சி முதல் பாதம் வரை நிதானமாகப் பார்த்தார். "ஏம்மா, தலை இவ்வளவு நரைச்சிருக்கு, ஒரு சாயம் அடிக்கக் கூடாதா? ரவிக்கைக்கும் புடவைக்கும் சம்பந்தமே இல்ல. கண்ணுக்குக் கீழ கறுத்துக் கெடக்கு, ராத்திரி தூங்குறியா இல்லையா?"

எட்டுப் பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது அவளுக்கு. வாயில் தண்ணீர். கண்ணிலும் தண்ணீர். நாத்தனார் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டு, கதவு கைப்பிடியில் துரு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போகிற வரைக்கும், ஒரு தடவைகூட 'நல்லா இருக்கு' என்று சொல்லவில்லை.