மூக்கு காட்டிக்கொடுத்தது

போன வருடம் பதுளையில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். வேலை எல்லவில், ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில். சிறு வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. வேலைக்குச் சேர்ந்ததும் அதைத் தூக்கி வைத்துவிட்டு லென்ஸ் போட ஆரம்பித்தேன். அதுவும் உறுத்தவே, லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று போனேன்.

யாரையும் லேசில் நம்ப மாட்டேன், என் குணம் அப்படி. "ரெண்டு கிழமைக்கு லென்ஸ் போடாதீங்க, கண்ணாடிதான் போடணும். அப்புறம் வாங்க, கண்ண அளக்கணும்" என்றார்கள். எதற்குப் பதினாலு நாள் இழுத்தடிப்பு? மெஷின் பழுதாக இருக்கும், இல்லாவிட்டால் வேண்டியவர்களை முதலில் உள்ளே விடுவார்கள் என்று நானே முடிவுகட்டினேன். ஹோட்டலுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் முன்னால் சோடாபுட்டியோடு நிற்கவும் மனமில்லை. தினமும் லென்ஸ் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். அளக்கப் போன அன்று, பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கை கழுவி, அங்கேதான் லென்ஸைக் கழற்றிச் சோடாபுட்டியை மாட்டினேன். கூட வந்த அக்கா முறைத்தாள்.

உள்ளே ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என் கண்ணை மெஷினில் மூன்று முறை அளந்தார். மூன்றும் மூன்று விதமாக வந்தன.

"பாத்தியா, மெஷின் சரியில்ல" என்று அக்காவின் காதில் சொன்னேன்.

"லென்ஸ் எப்ப கழட்டினீங்க?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"ரெண்டு கிழமையாச்சு மிஸ்ஸி" என்றேன், கூசாமல்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மிஸ்ஸி என் கையிலிருந்த சோடாபுட்டியைப் பார்த்துவிட்டு என் மூக்கையே பார்த்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றினார். மூக்கின் இரு பக்கமும் அழுந்திய தடம்.

"இவ்வளவு பாரமான கண்ணாடிய ரெண்டு கிழமை போட்டிருந்தா ஒங்களுக்கும் இப்படி இருக்கணுமே. லென்ஸ் அழுத்தி கண்ணோட உருவம் மாறியிருக்கும்மா. இந்த அளவ நம்பி லேசர் வச்சிட்டா, போனது போனதுதான்."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த இரண்டு கிழமையும் சோடாபுட்டியோடுதான் வேலைக்குப் போனேன். எந்த வெள்ளைக்காரரும் கண்டுகொள்ளவில்லை. மறுபடி அளந்தபோது மூன்று முறையும் ஒரே அளவு வந்தது. பழைய அளவை வைத்துச் செய்திருந்தால் பார்வை கெட்டிருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது கண்ணாடியும் இல்லை, மூக்கில் தடமும் இல்லை. ஆனாலும் யார் மேலாவது சந்தேகம் வந்தால் கை தானாக மூக்கைத் தடவிப் பார்க்கிறது. அன்று அந்த அறையில் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான்.