வெள்ளை படிந்த குழாய்

கொதிக்க வைத்துவிட்டால் எந்தத் தண்ணீரும் கைக்குழந்தைக்கு ஆகுமா?

மாதனூரில் பேருந்து பழுதாகி நிற்கிறது. பசியில் அழும் மகளுக்குப் பால் பவுடர் கரைக்க, சாலையோர வீட்டு அக்காவிடம் வெந்நீர் வாங்குகிறேன். அவள் பாதி குடித்தபின் அங்கேயே கை கழுவுகிறேன். சோப்பு நுரைக்கவே இல்லை. குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

“அக்கா, வெந்நீரும் இந்தத் தண்ணிதானா?”

“ஆமா, போர் தண்ணி. உப்பு ஜாஸ்தி. குடிக்க நாங்களே கேன்தான் வாங்கறோம். நீ பாட்டில் கழுவக் கேக்கறேன்னு இல்ல நெனச்சேன்! பாப்பாவுக்கா குடுத்துட்ட?”

பாட்டிலைப் பிடுங்குகிறேன், மகள் வீறிடுகிறாள். அந்த அக்கா கேன் தண்ணீரைக் காய வைக்க ஓடுகிறார். அவர் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பழைய வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளடியில் முட்டை ஓடு போல வெள்ளைப் பொருக்கு.

கைக்குழந்தைக்கு இப்படித் தெரியாமல் உப்புத் தண்ணீர் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், இனி நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.