கட் அக்காவும் நூறு சதவீதமும்

அந்தப் பேட்டரித் தொழிற்கூடத்தில் கெடுதல் செய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் கட் அக்காதான். மற்றவர்கள் செல்களை அடுக்குவார்கள், பற்றவைப்பார்கள், நீல உறை போடுவார்கள். ஒழுங்காகக் கட்டி முடித்த பேட்டரி கடைசி மேஜைக்கு வந்ததும் அக்கா அதை வதைக்கத் தொடங்குவாள். நிறைந்த பிறகும் சார்ஜ் ஏற்றுவாள். காலியான பிறகும் உறிஞ்சுவாள். இரண்டு முனைகளையும் வேண்டுமென்றே முட்டவிடுவாள். ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற விரலளவு பாதுகாப்பு போர்டு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டித்ததும் "கட்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் குறிப்பாள். பதினொரு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை இப்படிக் கத்தினால், பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கே நிற்கும்?

வீட்டிலும் அதே உத்தியோகம்தான். மகள் தலையணைக்கு அடியில் போனைச் செருகி சார்ஜ் போட்டால் வந்து பிடுங்கிவிடுவாள்.

"அம்மா, தொண்ணூத்தெட்டுதாம்மா ஆச்சு!"

"போதும்டி. மிச்சம் ரெண்டுல நீ என்ன கோட்டையா பிடிக்கப் போற?"

தையற்காரரான கணவர் தன் பேச்சு நீள்வதை அவள் முகத்தில் பார்த்துத் தானாகவே நிறுத்திக்கொள்வார். "எனக்குள்ளயும் ஒரு போர்டு வெச்சுட்டா" என்று அளவெடுக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். அதற்கு முன் மெத்தைக் கம்பெனியில் விற்பனையை உயர்த்தியவர். பேட்டரியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது மெத்தையைவிடச் சின்னது என்பதுதான். முதல் வாரமே பதிவேட்டைப் புரட்டினார். கடைசிக் கட்டத்தில் "கட் ஆனது: 100%" என்று மாதாமாதம் எழுதியிருந்ததைக் கண்டு நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"என்னம்மா இது? நூத்துக்கு நூறும் கட்டாகுதா? ஒண்ணாவது உருப்படியா ஓடலியா?"

"கட்டாகணும் சார். ஆனாத்தான் நல்ல பேட்டரி."

"வாங்கறவன் எதுக்கும்மா வாங்கறான்? ஓடறதுக்கா, நிக்கறதுக்கா?"

அக்கா பொறுமையாக விளக்கினாள். அவரும் ஏதோ பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்ட கோணத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டார். "புரியுது, புரியுது" என்றார். ஒரு தடவை புரிந்தவர்கள் இரண்டு தடவை சொல்வதில்லை. மறுநாள் வாசலில் பளபளவென்று ஒரு பலகை தொங்கியது: 'கட் இல்லா மாதம்!'

'கட்'டை ஒழிக்கும் பொறுப்பு, பக்கத்து மேஜையில் கம்பி பற்றவைக்கிற சால்டரிங் அண்ணன் தலையில் விழுந்தது. அவர் இரண்டே நாளில் வழி கண்டுபிடித்தார். போர்டின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டார். மின்சாரம் போர்டைச் சுற்றிக்கொண்டு போனது.

"போர்டும் உள்ள இருக்கும், ஆனா வேலை பாக்காது" என்றார் அண்ணன்.

"நம்ம ஆபீஸ் மாதிரியாண்ணே?"

"அதான் பாத்ததுமே அவருக்குப் பிடிச்சுப்போச்சு. என்னை மொறைக்காதம்மா, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

முந்நூறு பேட்டரிகளுக்கு அப்படிக் கம்பி வைத்தாயிற்று. மேலாளர் ஒன்றில் விளக்கை மாட்டி எரியவிட்டுப் பார்த்தார். அணையவில்லை. "கட் ஆனது: 0%" என்று தன் கையாலேயே எழுதித் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தார். அங்கே கைதட்டினார்களாம்.

முந்நூறும் மின்சாரச் சக்கர நாற்காலிகளுக்குப் போகிறவை. லாரி வாசலில் நின்றது. கட் அக்காவின் கையெழுத்து விழுந்தால் கிளம்பிவிடும்.

அவள் பேனாவைத் தொடவில்லை. அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பின்முற்றத்து மணல் தொட்டியில் வைத்து, நிறைந்த பிறகும் சார்ஜ் ஏற்றினாள். மேலாளரும் கூடவே வந்து நின்றார். முக்கால் மணி நேரத்தில் நீல உறை, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி ஒரு பக்கமாக வீங்கியது. நகப்பூச்சு வாசனை போல ஒரு தித்திப்பு நெடி மூக்கைப் பிடித்தது. அக்கா பாய்ந்து தூரத்திலிருந்த சுவிட்சை அணைத்தாள்.

"பாத்தீங்களா, இப்பவும் கட்டாகல!" என்றார் மேலாளர் பெருமையாக.

எழுந்து ஓட முடியாத ஒருவர், அந்த வீக்கத்தின் மேல் உட்கார்ந்து, நாற்காலி ஏன் சுடுகிறது என்று யோசிப்பது அக்காவின் கண்ணுக்குத் தெரிந்தது.

"நான் கையெழுத்துப் போடல சார்."

"சாயங்காலம் வரைக்கும் டைம் தரேன். அப்புறமும் போடலைன்னா நாளைக்கு அந்த மேஜைக்கு வேற ஆள் வரும். அவங்க போடுவாங்க."

உண்மைதான், போடுவார்கள். தன் வேலை போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. லாரியும் அல்லவா போய்விடும்? மேஜைக்குத் திரும்பி வெகுநேரம் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் பாதுகாப்புக்கு எதிரியே இல்லை. ஒரு சொல்லுக்குத்தான் எதிரி. தலைப்புக்குக் கீழே படிக்கிற வழக்கமும் கிடையாது.

புதுப் பதிவேடு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டாள். கடைசிக் கட்டத்தின் தலையில் 'கட் ஆனது' என்பதற்குப் பதிலாக 'காப்பாற்றியது' என்று எழுதினாள். பழைய மாதங்களை அப்படியே நகலெடுத்து, இந்த முந்நூறுக்கு நேரே பூஜ்யம் போட்டு, நேராக அவர் அறைக்குக் கொண்டு போனாள்.

மேலாளர் விரலால் கட்டத்தைத் தடவிக்கொண்டே வந்தார். நூறு, நூறு, நூறு... விரல் நின்றது.

"முந்நூறுல ஒண்ணுகூடவா காப்பாத்தல?"

"இல்ல சார்."

"நூறா இருந்தது என் மாசத்துலயா பூஜ்யமாச்சு? யார் பண்ணின வேலை இது?"

"போர்டுக்குக் குறுக்கே ஒரு கம்பி வந்து உக்காந்துருக்கு சார்."

"பிடுங்கி எறியுங்க அதை! லாரி நிக்கட்டும்!"

மூன்று நாள் சால்டரிங் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கம்பி பிடுங்கினார். அக்கா ஒவ்வொன்றாக மறுபடியும் வதைத்துப் பார்த்தாள். மணல் தொட்டியில் ஒன்று உயிரை விட்டிருந்ததால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்குத்தான் கையெழுத்து விழுந்தது. லாரி போயிற்று. பூஜ்யத்தை நூறாக்கிய மேலாளருக்குத் தலைமை அலுவலகத்தில் இரண்டாவது முறையும் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் அவர் அக்காவின் மேஜையருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நூறு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அங்கேயே நிக்குதே! அடுத்த மாசம் ஒரு நூத்திப்பத்து கொண்டு வர முடியுமா?"

"போர்டைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்றாள் கட் அக்கா.

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.