அக்காவின் தோசையும் என் பாவாடையும்

தோழிகளே, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நமக்குள் கைமாறும் சுற்று நோட்டில் இதை எழுதுகிறேன். அம்மா கண்ணில் பட்டால் தொலைந்தேன்.

எடையைக் குறைக்கும்படி கல்லூரி டாக்டர் சொன்னதிலிருந்து அக்கா தன் தோசைகளை ரகசியமாக என் தட்டில் தள்ளுகிறாள். பட்டினி கிடக்கிறாள் என்று தெரிந்தால் அம்மா கத்தியே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் எல்லோரையும் கூட்டிவிடுவார். நானும் தியாகம் என்று நினைத்துத் தின்றேன்.

இன்று பி.டி. பீரியடில் குனிந்தேன். பாவாடைக் கொக்கி பறந்தது.

மாலையில் ஆவடி மார்க்கெட் தையல்காரரிடம் ஓடினேன். பத்தாவது வரை வரவேண்டும் என்று அம்மா இரண்டு பக்கமும் துணி விட்டுத் தைக்கச் சொன்ன பாவாடை அது.

“இன்னா பாப்பா, போன மாசந்தானே பிரிச்சு வுட்டேன்? இனிமே பிரிக்க துணி ஏது? அம்மாவ இட்டுகினு வா, புச்சா அளவெடுக்கலாம்.”

அம்மாவையா!

வீட்டுக்கு வந்தால் அக்கா குதிக்கிறாள். “மூணு கிலோ கொறஞ்சிருக்கேன்டி! எங்க போச்சுன்னே தெரியல!”

எனக்குத் தெரியும். நான்கு ஊக்கு குத்தி அதைத்தான் இடுப்பில் பிடித்து வைத்திருக்கிறேன்.

யாரிடமாவது பழைய பாவாடை இருந்தால் கீழே எழுதுங்கள். ஒல்லியானவர்கள் சிரமப்பட வேண்டாம்.